காந்த ஊசி முதல் எம்.ஆர்.ஐ. வரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், சமநிலத்தின் நடுவே தனித்து நிற்பது பெருமுக்கல் குன்று. 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இக்குன்றின் மீதிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் இணைந்து அதனை மீண்டும் பெற்றன. ஆங்கிலேயரின் ஏடுகள் இவ்வூரைப் ‘பெர்மாக்கோயில்’ என்று குறிக்கின்றன.  குன்றுக்குக் கிழக்கே சென்றால் மரக்காணத்தின் உப்பளங்களும், அவற்றிற்கு அப்பால் கடலும் இருக்கின்றன.

இவ்வூரில் வாழும் எமது மூத்த சகோதரியாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வலக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. ஊரில் பாதிப் பெண் மக்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர். தையல் வேலையில் கைதேர்ந்தவர். முதலில் ஊசி நழுவியது. பிறகு கரண்டியும் நழுவியது. மருத்துவர் கழுத்தை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வருமாறு எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே அண்டை வீட்டார் ஒருவர் வந்து, “அது அணுக்கரு சம்பந்தப்பட்ட கருவி, அணுகுண்டில் உள்ள அதே சங்கதிதான், உள்ளே போனால் கதிர் தாக்கும்” என்று சொல்லிச் சென்றார். அக்கா எம்மை அழைத்து, “தம்பி, நீ கிதாபு படித்தவன், நீயே சொல். போகலாமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

நாற்பதாண்டுகளாக அரபியும் தமிழும் படித்தும் படிப்பித்தும் வந்த எமக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. “விசாரித்துச் சொல்கிறேன் அக்கா” என்றோம். அந்த விசாரிப்பில் மூன்று வாரங்கள் கழிந்தன. அம்மூன்று வாரங்களின் விலை என்ன என்பதை இக்கட்டுரையின் முடிவில் கூறுவோம். அதற்கு முன்னர், அன்று அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை, அதன் வரலாற்றோடு சேர்த்து, நம் குடும்பங்கள் அனைத்தும் அறியும் வண்ணம் இங்கு எழுத விரும்புகிறோம்.

கடலில் மிதந்த ஊசி

காந்தத்தின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. காந்தக் கல்லை அரபியர் ‘மிக்னாதீஸ்’ என்பர். இது கிரேக்கச் சொல்லின் திரிபு. ஊசியைக் காந்தக் கல்லில் தேய்த்தால் அது வடக்கு தெற்காக நிற்கும் என்பதைச் சீனத்து அறிஞர் ஷென் குவோ 1088ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தார். அரபி மொழியில் பைலக் அல்கப்ஜாக்கி என்பவர் 1282இல் இயற்றிய கனிகள் பற்றிய நூலில், தாம் 1242ஆம் ஆண்டளவில் சிரியாக் கடலில் கண்ட காட்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். இருள் சூழ்ந்து விண்மீன்கள் மறைந்த இரவில் மாலுமிகள் ஒரு பாத்திரத்தில் நீரை ஊற்றி, ஊசியை ஒரு துரும்பில் குறுக்காகச் செருகி மிதக்கவிட்டு, காந்தக் கல்லை அதன் மேலே சுற்றிக்காட்டித் திடுமென எடுத்துவிடுவர். ஊசி வடக்கும் தெற்கும் நோக்கி நிற்கும். இந்தியக் கடலில் செல்வோர் ஊசிக்குப் பதிலாக உள்ளீடற்ற இரும்பு மீனை மிதக்கவிடுவர் என்றும் அவர் கேள்விப்பட்டதை எழுதுகிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் யமன் நாட்டு சுல்தான் அல்அஷ்ரஃப் உமர், இந்த ஊசியைக் கொண்டு கிப்லாவின் திசையைக் காணும் முறையை எழுதினார். 1490ஆம் ஆண்டளவில் தம் பெருநூலை முடித்த மாலுமி இப்னு மாஜித் காலத்தில், இவ்வூசி நம் மரக்காயர்கள் கலம் செலுத்திய கடலெங்கும் பழகிப்போன பொருளாயிற்று.

இவற்றைக் கூறுவதால், ‘எம்.ஆர்.ஐ. கருவியை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர்’ என்று யாரும் பெருமை பேசத் தொடங்கிவிட வேண்டாம். அவர்கள் கண்டது ஊசி. அந்த ஊசியையும் சீனரே முன்னர் எழுதினர். அறிவு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பதைச் சரியாகச் சொல்வதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ‘இஸ்னாத்’ என்கிறோம். இந்தக் கருவிக்கும் ஓர் இஸ்னாத் உண்டு. அதனைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

1830களில் சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த டெய்லரும், திருவனந்தபுரத்து வானாய்வகத்தைச் சேர்ந்த கால்டிகாட்டும் தென்னாட்டில் ஊர் ஊராகச் சென்று காந்த ஊசியின் சாய்வை அளந்தனர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் ‘காந்த நடுக்கோடு’ நம் தென்தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. இப்பூமியே ஒரு பெரிய காந்தம். ஆனால் மிக மெல்லிய காந்தம். காந்த வலிமையை அளக்கும் அளவை டெஸ்லா எனப்படும். நம் பகுதியில் பூமியின் காந்த வலிமை ஒரு டெஸ்லாவின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 40 பங்கு மட்டுமே. மருத்துவமனையில் உள்ள கருவியின் வலிமையோ பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. அதாவது முதல் வகைக் கருவியே நம் ஊர் பூமியைப் போல் முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமை கொண்டது.

பம்பரமும் ஊஞ்சலும்

அவ்வளவு வலிய காந்தம் நம் உடலுக்குள் எதைப் பிடிக்கிறது? நீரைப் பிடிக்கிறது. வளர்ந்த மனிதனின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. கொழுப்பிலும் ஹைட்ரஜன் மிகுதி. ஹைட்ரஜன் அணுவின் நடுவே இருப்பது புரோட்டான் என்னும் ஒற்றைத் துகள். அத்துகள் தன்னைத்தானே சுழலும் தன்மை உடையது. அதனால் அது ஒரு மிகச் சிறிய காந்த ஊசியாகவும் விளங்குகிறது.

சாதாரண நிலையில் இந்த நுண்ணூசிகள் மனம்போன திசையில் நோக்கி நிற்கின்றன. ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. வலிய காந்தத்துக்குள் மனிதரைப் படுக்கவைத்தால், அவற்றில் மிகச் சிலவே காந்தத்தின் திசைக்கு மிகுதியாகச் சாய்கின்றன. எத்தனை என்று கேட்டால் வியப்பாக இருக்கும். 1.5 டெஸ்லாக் கருவியில், பத்து லட்சத்திற்கு ஏறத்தாழ ஐந்துதான் மிகுதி! ஆனால் ஒரு துளி நீரிலேயே எண்ணிலடங்கா அணுக்கள் இருப்பதால், அந்த ஐந்தின் தொகையே செய்தி சொல்லப் போதுமானதாகிறது.

அடுத்து, பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் பம்பரம் சாயும்போது உடனே விழுவதில்லை. தலையை ஆட்டி ஒரு வட்டமிடுகிறது. காந்தத்துக்குள் புரோட்டானும் அவ்வாறே தலையாட்டி வட்டமிடுகிறது. எவ்வளவு வேகத்தில் என்பதற்கு அயர்லாந்தில் பிறந்த ஜோசஃப் லார்மர் 1897இல் வகுத்த விதி விடை சொல்கிறது. காந்தத்தின் வலிமை எவ்வளவோ, அவ்வளவுக்கு அந்த வட்டமும் விரைவாகும். புரோட்டானுக்கு ஒரு டெஸ்லாவில் விநாடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 லட்சம் வட்டங்கள், 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம். இவ்வெண் வானொலி அலைகளின் எல்லைக்குள் அடங்குவது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அச்சம் தீர்க்க உதவும்.

ஊஞ்சலில் அமர்ந்த பிள்ளையைத் தள்ளும்போது, ஊஞ்சல் வந்து போகும் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் மெல்லிய தொடுதலே போதும். ஊஞ்சல் மேலே மேலே செல்லும். தாளம் தப்பித் தள்ளினால் முழு வலிமையும் வீண். இதுவே ஒத்ததிர்வு. புரோட்டானின் வட்டத்துக்குச் சரியாக ஒத்த வானொலி அலையைச் சிறிது நேரம் செலுத்தினால், அந்த நுண்ணூசிகள் அனைத்தும் ஒருங்கே சாய்ந்து ஒரே தாளத்தில் சுழலும். அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்கு மீளும். மீளும் வரையில் அவையே ஒரு மெல்லிய வானொலிக் குறிப்பை வெளியிடும். கருவியில் உள்ள கம்பிச்சுருள் அதனைக் கேட்கிறது.

இங்கேதான் மருத்துவப் பயன் தொடங்குகிறது. மீளும் காலம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. கொழுப்பில் அது கால் விநாடி அளவில் முடிந்துவிடும்; மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தெளிந்த நீரில் சில விநாடிகள் ஆகும். தசையிலும், வீக்கத்திலும், கட்டியிலும் வெவ்வேறு அளவு. எக்ஸ் கதிர் எலும்பை நன்றாகக் காட்டும். மெல்லிய சதையின் உள் வேற்றுமைகளை அவ்வளவாகக் காட்டாது. இந்தக் கருவியோ அந்த வேற்றுமைகளைக் காலத்தால் பிரித்தறிகிறது.

போர்க்காலத்துத் தேடல்

இந்த ஒத்ததிர்வை முதலில் கண்டவர் யார்? அமெரிக்காவில் ராபி என்பார் 1938இல், வெற்றிடத்தில் பாயும் மூலக்கூற்றுக் கற்றைகளில் இதனைக் கண்டார். 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் நீரிலும் மெழுகிலும், அதாவது நாம் கையில் எடுக்கும் பொருள்களில் காண்பது எளிதாக இல்லை. டச்சு நாட்டு கார்ட்டர் 1936இலும் 1942இலும் முயன்று தோற்றார். தாத்தாரிய முஸ்லிம்களின் பழம்பெரும் நகரமாகிய கஸானில் பணியாற்றிய ரஷ்யர் ஸவோய்ஸ்கி 1941இல் அதன் சாயலைக் கண்டார். அவரது காந்தம் சீரற்றிருந்தமையால் மறுமுறை அது தோன்றவில்லை. அவர் 1944இல் எலெக்ட்ரானின் ஒத்ததிர்வைக் கண்டு தம் பெயரை நிலைநாட்டினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் இறுதியில், ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்டு ஆகிய மூவரும் பாரஃபின் மெழுகில் புரோட்டானின் ஒத்ததிர்வைக் கண்டனர். அதே சமயத்தில், ஒருவரையொருவர் அறியாமல், ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கும் அவர்தம் துணைவரும் நீரில் கண்டனர். 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு குழுவினரின் கட்டுரைகளும் வெளியாயின. 1952இல் பர்செலும் பிளாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பெங்களூரில் ஓடிய நீர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கின் ஆய்வகத்துக்குச் சென்றிருந்த இந்தியர் தர்மாத்தி. 1951இல் ஆர்னால்டு, தர்மாத்தி, பக்கார்டு ஆகிய மூவரும் சாராயத்தின் ஹைட்ரஜன் ஒரே குறிப்பாக அன்றி மூன்று தனிக்குறிப்புகளாக ஒலிப்பதைக் காட்டினர். ஓர் அணு தன் அண்டை அணுக்களைப் பொறுத்துச் சற்றே வேறு தாளத்தில் சுழல்கிறது என்பது அதனால் புலப்பட்டது. இன்று மருந்துகளின் கட்டமைப்பை ஆராயும் வேதியியலார் அனைவரும் இவ்வுண்மையைப் பயன்படுத்துகின்றனர். தர்மாத்தி நாடு திரும்பிப் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

அதே 1951ஆம் ஆண்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன், ஓடும் திரவங்களில் அணுக்கரு ஒத்ததிர்வு எவ்வாறிருக்கும் என்பதை இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் வெளியிட்டார். அவர் செய்ததைச் சுருங்கச் சொல்வோம். காந்தத்தின் நடுவே தேங்கி நிற்கும் திரவத்தின் மீது வானொலி அலையை விடாது செலுத்தினால், அதன் அணுக்கருக்கள் களைத்த வேலையாட்களைப் போல் ஓய்ந்து குறிப்புத் தேய்ந்துவிடும். அத்திரவத்தை ஓடவிட்டாலோ, ஓய்ந்தவை வெளியேறப் புதியவை உள்ளே வரும். குறிப்பு மீண்டும் வலுப்பெறும். ஆகவே குறிப்பின் வலிமையைக் கொண்டே ஓட்டத்தின் வேகத்தை அறியலாம்.

இதன் பொருளை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் உடலில் ஓடும் திரவம் குருதியன்றோ! 1959இல் அமெரிக்காவில் சிங்கர் என்பார் சுண்டெலியின் வாலில் ஓடும் குருதியை இத்தகைய முறையால் அளந்து காட்டினார். இன்று மூளையின் இரத்தக் குழாய்களை, மருந்து ஏதும் ஏற்றாமலே, எம்.ஆர்.ஐ. கருவி படமாக்கும் முறை ஒன்றுண்டு. அசையாத சதையை வானொலி அலையால் ஓயச் செய்து, புதிதாய்ப் பாயும் குருதியை மட்டும் ஒளிரவிடுவதே அம்முறை. பெங்களூரில் ஓடிய நீரில் கண்ட உண்மையே அதன் அடிப்படை. எத்தனை பேருக்குச் சூரியனின் பெயர் தெரியும்? பள்ளிப் பாடநூல்களில் நாம் அப்பெயரைக் கண்டதில்லை. இஸ்னாதில் ஓர் அறிவிப்பாளரை விட்டுவிட்டால் தொடர் அறுந்துபோகும் என்று மாணவர்க்குப் போதிக்கிறோம். நம் நாட்டு அறிஞர் ஒருவரை நாமே விட்டுவிட்டோம்.

உப்பளத்துச் சரிவு

இதுவரை கூறியவற்றால் குறிப்பு கேட்கும். ஆனால் படம் வராது. உடல் முழுவதும் ஒரே தாளத்தில் ஒலித்தால், எந்த ஒலி கழுத்திலிருந்து வந்தது, எது தோளிலிருந்து வந்தது என்று எவ்வாறு அறிவது? இந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் லாட்டர்பர் என்னும் அமெரிக்கர். 1971ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது.

அந்த எண்ணத்தை எம் ஊராருக்கு விளக்க மரக்காணத்து உப்பளமே போதும். உப்பளத்தில் உவர்நீரை ஒரே இடத்தில் தேக்கி வைப்பதில்லை. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று மெல்லிய சரிவில் கடத்திச் செல்வர். வெயிலில் நீர் வற்ற வற்ற ஒவ்வொரு பாத்தியிலும் உவர்ப்பு ஒரு படி ஏறும். கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும். பழகிய உப்பளத் தொழிலாளி ஒருவரிடம் ஓர் அகப்பை நீரைக் கொடுத்தால், நாவில் வைத்துப் பார்த்தே அது எந்த வரிசைப் பாத்தியின் நீர் என்று சொல்லிவிடுவார். உவர்ப்பின் அளவே இடத்தைச் சொல்லிவிடுகிறது.

லாட்டர்பர் செய்ததும் இதுவே. காந்தத்தின் வலிமையை எங்கும் சமமாக வைக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக ஏறும்படி ஒரு சரிவை உண்டாக்கினார். காந்தம் வலுத்த இடத்தில் புரோட்டான் விரைந்து சுழலும். மெலிந்த இடத்தில் மெல்லச் சுழலும். ஆகவே வரும் குறிப்பின் தாளமே அது வந்த இடத்தைச் சொல்லிவிடும். சரிவின் திசையை மாற்றி மாற்றி அளந்தால், அகலமும் நீளமும் கொண்ட படம் உருவாகும். கனநீருக்குள் வைத்த இரண்டு மெல்லிய சாதாரண நீர்க்குழாய்களை அவர் இவ்வாறு படமாக்கிக் கட்டுரை அனுப்பினார். ‘நேச்சர்’ இதழ் முதலில் அதனைத் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் வாதாடவே, 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது வெளியாயிற்று.

எண்ணிலாத் தாளங்கள் ஒரே நேரத்தில் கலந்து வரும்போது அவற்றைப் பிரிப்பது எப்படி? மக்தப் மதரஸாவில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாடத்தை உரக்க ஓதுவர். வெளியிலிருந்து கேட்பவருக்கு அது இரைச்சல். உஸ்தாதோ கண்ணை மூடியிருந்தபடியே, எந்தப் பிள்ளை எங்கே பிழைவிட்டான் என்று கண்டுகொள்வார். கலந்த ஒலியைத் தனித்தனிக் குரலாகப் பிரிக்கும் இக்கலையைக் கணிதத்தில் வகுத்தவர் ஃபூரியே. 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்று கெய்ரோவில் பணியாற்றிய அதே பிரெஞ்சு அறிஞர்தான். அவரது கணிதத்தை எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பொருத்திய முறையை 1975இல் வெளியிட்டவர்கள் மூவர்: சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் பணியாற்றிய எர்ன்ஸ்ட், வெல்ட்டி, மற்றும் இந்தியரான அனில் குமார். அனில் குமார் பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கினார். எர்ன்ஸ்டுக்கு 1991இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தார் 1980இல் இம்முறையைச் செம்மைப்படுத்தி நோயாளிகளுக்குப் பயன்படச் செய்தனர். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் எடுக்கும் படங்களுள் பெரும்பாலானவை இவ்வழியில் பிறந்தவையே.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் தனியே இதே சரிவு முறையை எட்டினார். 1977இல் அவரது குழு உயிருள்ள மனித விரலின் குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டது. மிக விரைவில் படம் எடுக்கும் வழியையும் அவரே வகுத்தார். நம் நாட்டில் 1980களின் நடுப்பகுதியில் தில்லியின் அணு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் முதல் எம்.ஆர்.ஐ. கருவி நிறுவப்பட்டது.

பரிசும் பூசலும்

ரேமண்ட் டமேடியன் என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயரை இவ்விடத்தில் விட்டுவிடுவது நேர்மையாகாது. எலிகளின் கட்டிகளில் ஒத்ததிர்வு மீளும் காலம் நல்ல சதையிலிருந்து வேறுபடுகிறது என்பதை 1971இல் எடுத்துக்காட்டியவர் அவர். இக்கருவியை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற ஆவலைத் தூண்டியது அக்கட்டுரையே. 1977ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், தாமே கட்டிய கருவியில் ஒரு மனிதரின் மார்புப் படத்தை அவர் எடுத்தார்; அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரமாயிற்று. ஆனால் அவர் புள்ளி புள்ளியாகப் படம் எடுத்த முறை நிலைக்கவில்லை. சரிவு முறையே நிலைத்தது. 2003ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் அறிவிக்கப்பட்டபோது, டமேடியன் தரப்பினர் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்து முறையிட்டனர். பரிசு மாறவில்லை. லாட்டர்பர் 2007இலும், மேன்ஸ்ஃபீல்டு 2017இலும், டமேடியன் 2022இலும் காலமாயினர்.

இப்பூசலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். இன்ன கட்டியை இக்கருவி காட்டும் என்று நம்பியவர் ஒருவர். படம் எடுக்கும் வழியைக் கண்டவர் இன்னொருவர். விரைவாக எடுக்கச் செய்தவர் மற்றொருவர். பரிசு மூவர்க்கு மேல் பகிரப்படாது என்பது நோபல் விதி. அறிவுக்கு அந்த விதி கிடையாது. ராபி, பர்செல், பிளாக், தர்மாத்தி, சூரியன், லாட்டர்பர், அனில் குமார் என்று நீளும் தொடரில் ஒவ்வொருவர்க்கும் உரியதை உரியவாறு கொடுப்பதே கற்றோர் கடமை.

பெயரில் நின்ற அச்சம்

இக்கருவியின் பழைய பெயர் ‘அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுப் படம்’ என்பது. ‘அணுக்கரு’ என்றதுமே மக்களுக்கு ஹிரோஷிமாவும் கதிர்வீச்சும் நினைவுக்கு வந்தமையால், 1980களில் மருத்துவர்கள் அச்சொல்லை விட்டுவிட்டனர். எஞ்சிய பகுதியின் முதலெழுத்துகளே எம்.ஆர்.ஐ. ஆயின. அணுகுண்டில் அணுக்கரு பிளக்கிறது. இங்கே அணுக்கரு பிளப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. சாய்ந்து நிமிர்கிறது, அவ்வளவே. எக்ஸ் கதிரும் சி.டி. ஸ்கேனும் பயன்படுத்தும் கதிர் இதில் இல்லை. இதில் பயன்படுவது வானொலி அலை. உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உடல் சற்றே வெதுவெதுப்பாகலாம். அண்டை வீட்டார் சொன்ன அச்சத்துக்கு இதுவே விடை.

எனினும் அச்சமற்றிருப்பது வேறு, அசட்டையாக இருப்பது வேறு. இக்கருவியில் மெய்யான அபாயம் காந்தத்திலேயே உள்ளது. பெரும்பாலான கருவிகளில் காந்தம் நியோபியம் டைட்டானியம் கலந்த கம்பிச்சுருளால் ஆனது. பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை வரை குளிர்ந்த திரவ ஹீலியத்தால் அக்கம்பி குளிர்விக்கப்படுகிறது. அக்குளிரில் மின்சாரம் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும், விடுமுறையிலும் காந்தம் விழித்தே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு சனவரியில் மும்பையின் மருத்துவமனை ஒன்றில், ஆக்ஸிஜன் உருளையோடு அறைக்குள் சென்ற இளைஞர் ஒருவரை அவ்வுருளையோடு காந்தம் இழுத்துக்கொள்ள, அவர் உயிரிழந்தார்.

எனவே நம் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில. முக்காட்டில் குத்திய ஊசிகள், கொண்டை ஊசிகள், வளையல், மெட்டி, அரைஞாண், உலோகக் கூட்டில் அடைத்த தாயத்து, கைக்கடிகாரம், கைப்பேசி ஆகிய அனைத்தையும் வெளியே வைத்துவிட வேண்டும். இதயத்தில் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், மூளைக் குழாயில் உலோகக் கவ்வி போட்டவர்கள், காதினுள் கருவி பதித்தவர்கள், கண்ணில் எப்போதேனும் இரும்புத் தூள் தெறித்த பட்டறைத் தொழிலாளர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் தம் நிலையை வெட்கமின்றி முதலிலேயே கூறிவிட வேண்டும். இவர்களுள் பலருக்கும் தக்க ஏற்பாட்டோடு படம் எடுக்க இயலும். ஆனால் மறைத்தல் ஆகாது. மருந்து ஏற்றுவதாயின் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதனையும் சொல்ல வேண்டும். உள்ளே கேட்கும் பெரும் ஓசைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. காந்தச் சரிவை உண்டாக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் விரைந்து மாறும்போது அவை அதிர்ந்து தட்டும் ஓசையே அது. உடன் செல்பவரும் இரும்புப் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

அக்காவின் விரல்கள்

மூன்று வாரங்கள் கழித்து, கற்றவர் ஒருவர் எமக்கு இவற்றுள் பாதியை எடுத்துரைத்த பின்னர், அக்காவைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். முக்காட்டு ஊசிகளைக் கழற்றி எம் கையில் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, “உரலில் யாரோ இடித்துக்கொண்டே இருந்தார்கள் தம்பி. வேறொன்றும் இல்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தோம்?” என்றார்.

கழுத்தெலும்புகளுக்கு இடையே இருந்த வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்ததைப் படம் தெளிவாகக் காட்டியது. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் வெள்ளைக் கோடாகக் கீழிறங்கி, நெருக்கம் நேர்ந்த இடத்தில் மட்டும் அற்றுப்போயிருந்தது. மருத்துவர் அவ்விடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அறுவை செய்தனர், நடை காப்பாற்றப்பட்டது. கை ஓரளவு தேறியது. ஆனால் கட்டை விரலும் சுட்டு விரலும் பழைய பிடிக்கு வரவில்லை. இன்னும் முன்னதாக வந்திருந்தால் இவ்வளவு இழப்பு நேராமலிருந்திருக்கலாம் என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். அக்கா எம்மைக் குறை கூறவில்லை. இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

இப்போதும் அவர் வீட்டுத் திண்ணையில் பெண் பிள்ளைகள் ஓதுகின்றனர். அக்காவுக்காக ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அப்பிள்ளைகளுள் ஒருத்தியின் வேலையாகிவிட்டது. சென்ற மாதம் நாம் சென்றிருந்தபோது அச்சிறுமி ஊசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊசிகூட வடக்கே பார்த்து நிற்குமா, பெரியத்தா?” என்று எம்மைக் கேட்டாள். இம்முறை நாம் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு துரும்பையும் ஒரு காந்தத் துண்டையும் தேடத் தொடங்கினோம்.